குருவின் முதுகு எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் குருத்வாராவை இடித்துப் புதிதாகக் கட்ட வந்த இன்ஜினியர் நல்ல மனிதர்தான். வரைபடத்தை, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் லங்கர் கூடத்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல எது முன்பக்கம்?"

பாவம், அவருக்கு எங்கள் கோட் ஜவந்தா ஊரைப் பற்றித் தெரியாது. இந்த ஊரில் டீ குடிக்கலாமா வேண்டாமா என்று கேட்டாலே இரண்டு கட்சி உண்டாகும். முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இருவர் வந்து இந்த ஊரை உண்டாக்கினார்களாம். அண்ணன் கிழக்கே வீடு கட்டினான், தம்பி மேற்கே கட்டினான். அதிலிருந்து கிழக்கே இருப்பது பெரியவர் பட்டி, மேற்கே இருப்பது சின்னவர் பட்டி. இரண்டும் ஒரே ரத்தம், அதனால்தான் சண்டைக்குக் குறைவே இல்லை. நடுவில் குருத்வாரா. அதற்குள், எங்கள் குருவாகவே நாங்கள் வணங்கும் கிரந்தத்தை வாசிக்கும் கியானி பிஷன் சிங் என் வீட்டுக்காரர். ஊருக்கே பொதுவான ஆள் என்றால் ஊரில் யார் வேண்டுமானாலும் திட்டலாம் என்று அர்த்தம். அவர் பதில் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

இன்ஜினியரின் கேள்வியைக் கேட்டதும் கூடத்தில் இருந்த இரண்டு பட்டிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரும் நிலைமையைப் புரிந்துகொண்டு, "முன்பக்கமே வேண்டாம். நாலு திசைக்கும் நாலு கதவு வச்சிடறேன். யாரு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் குரு வீட்டுக்குள்ள வரலாம்ல?" என்றார். எல்லோரும் ஒரே குரலில் வாஹேகுரு என்றார்கள். இந்த ஊரில் அது ஒரு அதிசயம்.

கட்டடமும் அழகாகத்தான் வந்தது. குறை சொல்ல மாட்டேன். கவிழ்த்த தாமரை மொட்டு மாதிரி வெள்ளைக் குவிமாடம், நாலு மூலையிலும் அதன் பிள்ளைகள் மாதிரி நாலு குட்டி மாடங்கள். குருவின் தலைக்கு மேல் யார் காலும் படக் கூடாது என்பதால் மாடி கிடையாது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்கு. கதவுக்கு ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குருவிடம் இறங்கித்தான் வர வேண்டும், இல்லையா? கிழக்கேயும் வடக்கேயும் தெற்கேயும் முற்றம். மேற்கே மட்டும் முற்றத்துக்கு இடமில்லை, கட்டடத்தின் சுவரை ஒட்டியே சின்னவர் பட்டித் தெரு ஓடியது.

திறப்பு விழா அன்று குரு கிரந்த சாஹிபைத் தலையில் சுமந்து வந்து, கூடத்தின் நடுவில், விதானத்தின் கீழே கிழக்கு பார்த்து அமர்த்தினார் என் வீட்டுக்காரர். காலை வெயில் கிழக்குக் கதவு வழியாக வந்து கிரந்தத்தின் மேல் விழுந்தது. பார்க்கக் கண் கோடி வேண்டும். அப்போது மேற்குக் கதவு வழியாகச் சின்னவர் பட்டித் தலைவர் பக்தௌர் சிங் உள்ளே இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

"கியானிஜி, குரு எங்களுக்கு முதுகைக் காட்டுறாரே!"

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் ஆட்கள் குருவுக்கு முதுகு காட்ட மாட்டார்கள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதுகூடக் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்துதான் திரும்புவார்கள். அவ்வளவு கவனமாக முதுகை மறைப்பவர்களுக்கு எதிரே குருவே முதுகைக் காட்டினால் தொண்டையில் சோறு இறங்குமா?

"பக்தௌர் சிங்ஜி, கிரந்தத்துக்கு ஏது முதுகு? நீங்க பாக்கறது அதுக்குப் பின்னால உக்காந்து வாசிக்கற என் முதுகு" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க முதுகு எங்களுக்குப் பழக்கம்தான் ஜி. அதைப் பத்தி யாரு பேசினா? குரு முகம் அவங்க பக்கம், முதுகு எங்க பக்கம். இதுதான் நாலு கதவோட லட்சணமா?"

கமிட்டித் தலைவர் அஜைப் சிங் பெரியவர் பட்டி. அவருக்கு மீசையை முறுக்கிவிட வேறு காரணமே தேவையில்லை. "உங்க தாத்தன் மேற்க போயி வீடு கட்டினதுக்கு நாங்க என்ன பண்றது? சூரியனையும் மேற்க உதிக்கச் சொல்லுவீங்க போல" என்றார். அன்று லங்கரில் பருப்பு அடிபிடித்தது. பரிமாற வேண்டியவர்கள் எல்லோரும் சண்டையில் இருந்தார்கள்.

பிறகு ஒரு சமரசம் வந்தது. ஒரு மாதம் குரு கிழக்கு பார்ப்பார், ஒரு மாதம் மேற்கு பார்ப்பார். மாதப் பிறப்பு அன்று ஆசனத்தைத் திருப்பிவிடுவது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் குருவைத் திருப்பினால் அவர் முன்னால் உட்காரும் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் இடம் மாறிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முதல் மாதப் பிறப்பு அன்று அஜைப் சிங் விடிகாலையில் வந்து, வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, பக்தியோடு ஜபிக்க ஆரம்பித்தார். கண்ணைத் திறந்தபோது அவரைச் சுற்றிலும் முழுக்கப் பெண்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்" என்று போயிருந்தாள். சின்னவர் பட்டி ஆண்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து சிரித்த சிரிப்பில் ஆர்மோனியம்கூட நின்றுவிட்டது.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அடுத்த வாரமே அஜைப் சிங் ஒரு டிராலி நிறையப் பளிங்குக் கல்லோடு வந்தார். இனிமேல் யாரும் ஆட்டவும் முடியாது, அசைக்கவும் முடியாது என்று, மேற்குக் கதவை உள்ளே இருந்து பலகை அடித்து மூடி, அதை ஒட்டியே மேடை கட்டிவிட்டார். மேடைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ரொட்டியைக்கூடச் செருக முடியாது. குரு கிழக்கு பார்த்து நிரந்தரமாக அமர்ந்தார்.

"மேற்குக் கதவே இல்லேன்னா முதுகைப் பாக்கறது யாரு? பிரச்சினை தீந்துச்சு" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறினார் அஜைப் சிங். இந்த மூளைக்குத்தான் கமிட்டித் தலைவர் பதவி.

பக்தௌர் சிங் மூடிய கதவின் வெளிப்பக்கம் நின்று சபதம் செய்தார். "இந்தக் கதவு திறக்கற வரைக்கும் சின்னவர் பட்டி ஆளு ஒருத்தரும் உள்ள காலடி வைக்க மாட்டோம்." அன்றிலிருந்து அவர்கள் தெருவில் நின்று மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். லங்கருக்குக் கோதுமை மட்டும் தவறாமல் வந்தது. கோபம் குருவின் மேல் இல்லை, அஜைப் சிங்கின் மேல் என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் என் பெண் ஜஸ்கிரணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தேஜ்வந்த், மின்வாரியத்தில் லைன்மேன். நல்ல பையன், கொஞ்சம் கூச்ச சுபாவம். தை மாதத்தில் தேதி வைத்தோம்.

கிரண் பிறந்தபோது எனக்கு விஷக் காய்ச்சல். பிழைப்பேனா என்று சந்தேகமாக இருந்த நாட்களில் அவளைத் தூக்கிப்போய்ப் பால் கொடுத்தவள் பக்தௌர் சிங்கின் மனைவி நசீப் கௌர். அவளுக்கும் அப்போது கைக்குழந்தை. இரண்டு மடியிலும் இரண்டு பேர். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் கிரண் பாதி நேரம் அந்த வீட்டில்தான் கிடந்தாள். நசீப்பின் பிள்ளைகள் ஜக்சீரும் லக்வீரும்தான் அவளுக்கு அண்ணன்கள். எனக்கு வேறு பிள்ளை இல்லை. எங்கள் கல்யாணத்தில் மணப்பெண் குருவை நாலு முறை வலம் வரும்போது, வழியில் அங்கங்கே அண்ணன் தம்பிகள் நின்று அவளைத் தோளைப் பிடித்து அடுத்தவனிடம் ஒப்படைப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண் தனியாக இல்லை என்று காட்டுவதற்கு.

தேதி வைத்த அன்றே கிரண் என்னிடம் வந்து சொன்னாள். "அம்மா, நசீப் பெரியம்மா உக்காராத எடத்துல நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

"அப்ப எங்கடி பண்ணுவே? மண்டபத்துக்குக் குருவைத் தூக்கிட்டுப் போகக் கூடாது. பக்கத்து ஊரு குருத்வாராவுல பண்ணினா உங்க அப்பா முகத்தை எங்க வச்சுக்குவாரு? கியானி பொண்ணுக்குக் கியானி ஊர்ல எடமில்லையாமேன்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

"அப்பா பேசட்டும்."

அப்பா பேசினார். பக்தௌர் சிங் வீட்டில் பால் குடித்துவிட்டு, அஜைப் சிங் வீட்டில் டீ குடித்துவிட்டு, இரண்டு பேர் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அவரால் அவ்வளவுதான் முடியும். கடைசியில் நானே நசீப்பின் வீட்டுக்குப் போனேன். கிரண் கல்யாணத்துக்கென்று அவள் தைத்த புது உடை, கொடியில் நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன மிந்தோ, என்னைக் கூப்பிட வந்தியா?" என்றாள் நசீப். "நான் வந்தா இவரு வாக்கு போச்சு. வரலேன்னா என் பொண்ணு கல்யாணம் போச்சு. நீயே சொல்லு, எதைக் கட்டிக்கிட்டு அழறது?"

"கதவுக்குச் சொன்ன சபதம், கல்யாணத்துக்குமா?"

உள்ளே இருந்து பக்தௌர் சிங்கின் குரல் வந்தது. அவர் என்னை மரியாதையாக பீபி என்றுதான் கூப்பிடுவார். "கதவு தெறந்தா வர்றோம் பீபி. அஜைப் சிங்குகிட்டப் போயிச் சொல்லு."

கிரண் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அந்தச் சரியை நான் என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். என் பெண்ணின் கல்யாணத்தில் பாதி ஊர் இருக்காது, பால் கொடுத்தவள் இருக்க மாட்டாள், வலம் வரும்போது அவள் தோளைத் தொட ஒரு கை இருக்காது. அந்த நினைப்பில் இரவும் பகலும் என் நெஞ்சு எரிந்தது.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். பக்கோடாவும் ஜிலேபியும் தின்று முடித்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். கூடம் பாதிதான் நிறைந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சம்பந்தி, உங்க ஊரு சின்ன ஊரா?" என்று கேட்டாள். நான் ஜிலேபி எப்படி இருந்தது என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

மேடையில் கிரந்தத்தின் பின்னால், எங்களைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர். சொந்தப் பெண்ணின் கல்யாணத்தைத் தானே நடத்துகிறார். கிரணின் கையில் மாப்பிள்ளையின் தோள்துணி முனையைக் கொடுத்தார். முதல் வலத்துக்கான வரிகளை வாசித்தார். மோகாவிலிருந்து வந்த பாடகர்கள் அதையே ஆர்மோனியத்தில் பாட ஆரம்பிக்க, மணமக்கள் எழுந்தார்கள். பாட்டு முடிவதற்குள் ஒரு வலம் முடிய வேண்டும். குருவை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை முன்னே, கிரண் பின்னே, இடது கைப்பக்கமாக நடந்தார்கள். மேடையின் ஓரம் வரை போனார்கள். திரும்பினார்கள். நின்றார்கள்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் கிரண்.

"வழி இல்ல."

"என்ன இல்ல?"

"வழி இல்லைங்கறேன். சுவருதான் இருக்கு."

குருவை வலம் வர வேண்டுமென்றால் குருவுக்குப் பின்னால் வழி வேண்டும். முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று சண்டை போட்டவர்களில் ஒருவருக்குக்கூட, பின்பக்கம் நடக்க இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மேடை கட்டிய பிறகு ஊரில் வேறு கல்யாணமே நடக்கவில்லை. கம்பம் ஏறத் தெரிந்த என் மாப்பிள்ளை பளிங்குச் சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

பாடகர் முதல் வரியை இன்னொரு முறை பாடினார். இன்னும் ஒரு முறை. கண்ணைத் திறந்து ஓரமாகப் பார்த்துவிட்டு, அதே வரியை வேறு ராகத்தில் இழுக்க ஆரம்பித்தார். மேடையில் என் வீட்டுக்காரர் கிரந்தத்தை விட்டுத் திரும்பிப் பார்க்க முடியாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஓடிவிட்டானோ என்று அப்போது பயந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

"திரும்பி வரச் சொல்லுங்க! இந்தப் பக்கமாவே திரும்பி வரட்டும்!" என்று அஜைப் சிங் ஆண்கள் பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் பேருந்து நிலையத்துக்குக் கேட்கும்.

"திரும்பி எங்க வர்றது? அரைக் கல்யாணத்தோடயா?" என்றேன் நான். எழுந்துவிட்டேன். எனக்கு எதிரே தெற்குக் கதவு திறந்திருந்தது, வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தேன். "தம்பி, வெளிய போ."

பையன் முகம் வெளுத்தது. "வெளியவா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு பண்ணினவன் அங்க உக்காந்திருக்கான். நீ கதவு வழியா படியேறி, சுவரை வலப்பக்கம் வச்சுக்கிட்டு நட. பின்னால தெரு இருக்கு. சுத்திக்கிட்டு வடக்குக் கதவு வழியா உள்ள வா. குரு உள்ளதான் இருக்காரு, எங்கயும் போயிட மாட்டாரு."

மாப்பிள்ளை நடந்தான். கிரண் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். போட்டோக்காரர் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக ஓடினார். முற்றத்தைத் தாண்டி மேற்கு மூலையில் திரும்பினோம். திரும்பியதும் போட்டோக்காரர் போய் இடித்தது ஒரு எருமையை.

சின்னவர் பட்டித் தெருவில் சுவரை ஒட்டி வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். அதில் சின்னவர் பட்டி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில், ஆண்கள் புதுத் தலைப்பாகையில். ஒலிபெருக்கி வழியாகக் கல்யாணம் கேட்கத்தான் கூடியிருந்தார்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்டால் வெயில் காய்கிறோம் என்றிருப்பார்கள். நடுவில் புது உடையில் நசீப், முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு.

மணமக்களைக் கண்டதும் தெருவே எழுந்து நின்றது. நசீப் பதறினாள். "ஏண்டி இங்க வந்தே? பாதி வலத்துல யாராவது வெளிய வருவாங்களா? உள்ள போடி!"

"நான் வலம்தான் பெரியம்மா வந்துக்கிட்டிருக்கேன்" என்றாள் கிரண். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "நீதான் வழியில உக்காந்திருக்கே."

மாப்பிள்ளை எருமையின் முன்னால் நின்றான். என்னைப் பார்த்தான். "அத்தை, இதை உள்பக்கம் வச்சு சுத்தவா, வெளிப்பக்கம் வச்சு சுத்தவா?"

நியாயமான கேள்வி. எருமைக்கும் சுவருக்கும் நடுவில் வழியில்லை. எருமையைச் சுற்றிப் போனால் குருவோடு சேர்த்து எருமையையும் வலம் வந்த கணக்காகிவிடும். அதற்குள் நசீப் தன் பிள்ளைகளைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "தடிமாடுங்களா, தங்கச்சி தனியா நடக்கறா, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறீங்க! எருமையை அவுங்கடா!"

ஜக்சீர் எருமையை இழுத்துக்கொண்டு போனான். லக்வீர் காலில் இருந்த செருப்பை உதறிவிட்டு வந்து கிரணின் தோளைப் பிடித்தான். மூடிய மேற்குக் கதவு வரை அவளை நடத்திக்கொண்டு வந்தான். அங்கே எருமையைக் கட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்த ஜக்சீர் அவளை வாங்கி, அடுத்த மூலை வரை நடத்தினான். குருவின் முதுகுக்கு நேர் பின்னால், அண்ணன்கள் நிற்க வேண்டிய இடத்தில், என் பெண்ணின் அண்ணன்கள் நின்றார்கள். நான் தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.

வடக்குக் கதவு வழியாக அவர்கள் உள்ளே வந்தபோது பாடகர் அந்த வரியை விட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மகளின் காலில் இருந்த மண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது வலத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது சுற்றுக்குள் தெருவில் சாணம் இல்லை. கட்டில்கள் இல்லை. வீடு வீடாகக் கொண்டுவந்த படுக்கை விரிப்புகள் மூலையிலிருந்து மூலை வரை விரிந்திருந்தன, பூப்போட்டதும் கோடு போட்டதும் ஒரு மயில் படம் போட்டதும். யாரோ வயலிலிருந்து கடுகுப் பூவை அள்ளி வந்து தூவினார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றி, தலையை மூடி, கைகூப்பி நின்றார்கள். பக்தௌர் சிங் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றார்.

மூன்றாவது சுற்றில் அவர் எங்கள் பின்னால் நடந்து வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன பாக்கறே பீபி? உள்ள வர மாட்டேன்னுதான் சொன்னேன். தெருவுல நடக்க மாட்டேன்னு சொல்லல" என்றார்.

அதற்குள் உள்ளே இருந்த பெரியவர் பட்டிக்குப் பொறுக்கவில்லை. மணமக்கள் ஒரு கதவு வழியாகப் போகிறார்கள், ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கதவு வழியாகத் தலையெல்லாம் மஞ்சள் பூவோடு வருகிறார்கள். நடுவில் என்னதான் நடக்கிறது? முதலில் பிள்ளைகள் நழுவின. பிறகு பெண்கள். நாலாவது வலத்துக்கு மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து, "நானும் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். இரண்டு பட்டியும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து மணமக்கள் பின்னால் குருவைச் சுற்றினோம். கூடத்தில் மிஞ்சியவர்கள் கிரந்தத்தின் பின்னால் என் வீட்டுக்காரர், பாடகர்கள், ஆண்கள் பக்கத்தில் தன்னந்தனியாக அஜைப் சிங்.

வடக்குக் கதவில் ஊரே இறங்கியது. பக்தௌர் சிங் படிக்கு வெளியே நின்றுவிட்டார். அவர் நின்றதால் அவர் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். உள்ளே நாலாவது வலம் முடிந்து கிரண் குருவின் முன் தலை தாழ்த்தினாள். நிமிர்ந்தவள் கதவுப் பக்கம் திரும்பி நசீப்பைத் தேடினாள்.

நசீப் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, குருவைச் சுத்தி வந்தீங்களா இல்லையா?"

"வந்தேன். தெருவுல."

"குருவைச் சுத்தி வர்ற வழி குருத்வாராவா, தெருவா? நம்ம தெரு இன்னிக்கு குருத்வாராவுக்குள்ள போயிருச்சு. உங்க சபதம் மூணாவது சுத்துலயே முடிஞ்சு போச்சு. இப்ப ஊருக்கு முன்னால உள்ள நின்னுக்கிட்டே உள்ள வரமாட்டேங்கறீங்க. நகருங்க, என் பொண்ணு பாக்கறா."

அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள். அவள் பின்னால் சின்னவர் பட்டி மொத்தமும் இறங்கியது. பக்தௌர் சிங் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தன் தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து இறங்கினார்.

அஜைப் சிங் எழுந்து நின்றார். அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். "கியானிஜி, இது முறைப்படி சரிதானா? வெளிய போயி வலம் வந்தாங்களே?"

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்கும் தலையாட்டாமல் பதில் சொன்னார். "குரு நடுவுல இருந்தாரு. பிள்ளைங்க சுத்தி வந்தாங்க. வட்டம் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

அன்று லங்கரில் உட்கார இடமில்லை. இரண்டு பட்டியும் வரிசையில் தரையில் மாறி மாறி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம், "சின்ன ஊருன்னு நெனச்சேன் சம்பந்தி" என்றாள். அஜைப் சிங் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்தௌர் சிங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"கல்யாணம் முழுக்க உங்க தெருவுல நடந்துச்சு. நாங்க உள்ள உக்காந்து சுவரைப் பாத்தோம்" என்றார்.

"பூ எங்க கடுகு" என்றார் பக்தௌர் சிங்.

"என் பேத்திக்கு அடுத்த தையில கல்யாணம். மேடையை இடிச்சு எதிர்ப்பக்கமாக் கட்டிடலாம்னு பாக்கறேன். குரு உங்க பக்கம் பாக்கட்டும். முதுகு எங்க தெருவுக்கு இருக்கட்டும்."

பக்தௌர் சிங் கையில் இருந்த பருப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அதெப்படி? முதுகு எங்களோடது. யாருக்கும் விட்டுத் தர மாட்டோம்."

"யாரைக் கேட்டு உங்களோடது?"

வரிசையின் இரண்டு பக்கமும் தலைப்பாகைகள் நிமிர்ந்தன. சத்தம் கூடியது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்ட ஆரம்பித்தார். கிரண் நசீப்பின் தோளில் சாய்ந்துகொண்டு, அவள் ஊட்டிய அல்வாவை வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் யாரையும் அடக்கவில்லை. என் பெண்ணின் கல்யாணத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்து சண்டை போட்டது. எனக்கு அது போதும்.